மீனிடம் விலாசம் கேட்டவர்

திரும்ப ஆற்றில் விடப்போகும் மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கை மீனின் உடம்பிலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். வழுவழுப்புப் போன மீன் நன்றாக நீந்திப் போவதுபோல்தான் தெரியும், சில நாட்களில் நோய்ப்பட்டுச் சாகும். மொன்றியலில் தமிழ்க் கடை வாசல்களில் அடுக்கியிருக்கும் ஒரு மாத இதழில் இந்தக் குறிப்பை நான் எழுதினேன். நல்ல குறிப்பு என்று பலர் சொன்னார்கள். அது என்னுடையது அல்ல. அந்தப் பக்கத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பும் என்னுடையது அல்ல. எல்லாம் ஒரு மட்டக்களப்புக்காரர் எனக்குச் சொன்னவை. அவரைத்தான் நான் மாதாமாதம் ‘எனது உதவியாளர்’ என்று எழுதிச் சிரிக்க வைத்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகள் பூமிசாத்திரம் படிப்பித்தவன். அறுபது வயதில் பிள்ளைகளோடு இங்கே வந்தேன். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கொள்கலன்களிலிருந்து இறங்கும் பெட்டிகளை நான் எண்ணிக் குறிப்பேன், அவர் தூக்கி அடுக்குவார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நான் ஆசிரியராக இருந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் மாஸ்டர். நான் அவரை ஐசே என்பேன்.

மட்டக்களப்பு வாவியில் தோணி ஓட்டி வளர்ந்தவருக்கு இந்த ஊரில் ஓர் ஆறு ஓடுகிறது என்பதே போதுமாக இருந்தது. சனிக்கிழமை காலைகளில் இருவரும் மெட்ரோவில் கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து லாசால் கரைக்குப் போவோம். மடக்குக் கதிரை, ஒரு வாளி, பிளாஸ்க்கில் தேநீர். முதன்முதல் போன நாள் இரைக்காகக் கரையோர டெபனர் என்ற சின்னக் கடைக்குள் போனவர் குளிர்ப்பெட்டியின் முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“மாஸ்டர், இஞ்ச பாருங்க. புழுவப் பாலுக்குப் பக்கத்தில வச்சிரிக்கானுகள். விடியக்காலம நித்திரைத் தூக்கத்தில மாறி எடுத்தா என்ன செய்யுற?”

அவர் சொன்ன பகிடிதான் எனது முதல் கட்டுரையின் தொடக்கம். இதழ் நடத்தியவர் என் பழைய மாணவர். மீன்பிடிப்பது பற்றிப் பயனுள்ளதாகவும் சிரிப்பாகவும் ஒரு பக்கம் தாருங்கள் சேர் என்று கேட்டார். எனக்குத் தூண்டிலில் புழுவைக் கோக்கக்கூடத் தெரியாது. ஆனால் எழுதத் தெரியும். சனிக்கிழமை ஆற்றங்கரையில் அவர் சொல்வதை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து எழுதிவிடுவேன். காலை வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், நிழல் தண்ணீரில் விழும் என்று அவர் சொன்னதை, ‘மீனுக்கு உங்கள் முகம் பிடித்தாலும் பிடிக்கும், நிழல் ஒருநாளும் பிடிக்காது’ என்று எழுதினேன். மீன் கடிக்காவிட்டால் இரையை மாற்றாதே, பத்தடி தள்ளிப் போ என்பதும் அவருடையது. கெளிற்றைப் பிடித்தால் முள்ளுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்து அணைத்துப் பிடிக்க வேண்டும் என்பதும் அவருடையது. அதை எனக்குக் காட்டித் தந்த நாளில் முள் குத்தி அலறியவன் நான். கட்டுரையில் அலறியவர் உதவியாளர்.

மீன்பிடி அனுமதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் போட்டுத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். ஒருநாள் பரிசோதகர் வந்தபோது அவர் தொப்பியை இரண்டு கைகளாலும் கழற்றி, குனிந்து, பத்திரத்தைத் தேடினார். பரிசோதகர் தனக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்துத் தானும் தொப்பியைக் கழற்றிவிட்டார். இவர் தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லான மெர்சியைச் சொன்னார். அதையும் எழுதினேன். அந்த மாத இதழை அவர் களஞ்சியத்துக்குக் கொண்டுவந்து, தமிழ் வாசிக்கத் தெரியாத தன் பகுதிப் பொறுப்பாளருக்கும் காட்டினார். இது நான், இது நான் என்று எழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். என்னிடம் மட்டும் ஒரு தரம், மாஸ்டர் நீங்கள் என்னை எழுதினால் நான் கொஞ்சம் மடையனாகத்தான் வாறன் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தேடவும் இல்லை.

பிடித்த மீனை அவரே துப்புரவாக்குவார். அவர் மனைவி தேங்காய்ப்பால் விட்டு, அவர்கள் ஆணம் என்று சொல்லும் குழம்பை வைப்பா. சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் இரண்டு குடும்பங்களும் அவருடைய லாசால் தொடர்மாடி வீட்டில் ஒன்றாகச் சாப்பிடும். யாழ்ப்பாணத்தாருக்கு மீனில் உறைப்பு மட்டும்தான் தெரியும், ருசி தெரியாது என்று அவர் என் மனைவியைச் சீண்டுவார். அவவும் விடமாட்டா.

2004 மார்கழியில் ஊரில் கடல் ஏறியது. அவருடைய ஒரே தங்கையும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் போனார்கள். தங்கையின் கணவர் வயலுக்குப் போயிருந்ததால் தப்பினார். மூவரில் ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அண்ணன்மார் உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தங்களைப் பற்றி யோசிப்பார்கள். அவர் இங்கிருந்து உழைத்துத்தான் அந்த வீட்டைக் கட்டினார். காற்று வரும் என்று கடற்கரைக்குக் கிட்ட நிலம் பார்க்கச் சொன்னதும் அவர்தான். செத்தவீட்டுக்குப் போவதுபோல் நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனோம். உடல் இல்லாத வீட்டில் எங்கே பார்த்துக்கொண்டு இருப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் சுறா, நெத்தலி, கருவாடு எதையும் தொடவில்லை. உடம்பு கடிக்கிறது, அரிக்கிறது, வைத்தியர் கடல் மீன் வேண்டாம் என்கிறார் என்று மனைவியிடம் சொன்னார். அவவும் நம்பினா. ஆற்று மீன் மட்டும் சாப்பிட்டார். வசந்தம் வந்ததும் நாங்கள் வழக்கம்போல லாசால் கரைக்குப் போனோம்.

ஒரு சனிக்கிழமை அவர் இரண்டு நல்ல மீன்களைப் பிடித்து வாளியில் விட்டிருந்தார். தூண்டிலைப் பார்த்துக்கொண்டே, இந்த ஆற்றுத் தண்ணீர் எங்கே போகிறது மாஸ்டர் என்று கேட்டார். பூமிசாத்திர ஆசிரியரிடம் கேட்கக் கூடாத கேள்வி. களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிற ஒருவனை யாரோ மறுபடி கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தியதுபோல் எனக்கு இருந்தது. ஒரு தடியை எடுத்து ஈரமண்ணில் வரைந்தேன். இது கியூபெக் நகரம், இங்கே ஆறு அகலும், இது வளைகுடா, இது அத்திலாந்திக். ஆபிரிக்காவின் அடியால் சுற்றினால் இந்து சமுத்திரம், அப்படியே மேலே வந்தால் வங்காள விரிகுடா, உம்முடைய ஊர். கடல் என்று உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, பெயர்களைத்தான் நாங்கள் பலவாக வைத்திருக்கிறோம் என்றேன். அப்படியென்றால் கடல் மீன் இங்கே வருமோ என்று கேட்டார். ஏன் வராது, விலாங்கு நடுச் சமுத்திரத்தில் பிறந்து இந்த ஆற்றில் ஏறி வந்துதான் வளர்கிறது என்று அதையும் விரிவாகச் சொன்னேன்.

அவர் எழுந்து போய் இரண்டு கைகளையும் ஆற்றில் நனைத்தார். வாளியிலிருந்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீருக்குள் வைத்துப் பிடித்திருந்து, அவை வாலை அடித்ததும் விட்டார்.

“அவளுகள் மூணு பேரும் இன்னும் தண்ணிக்குள்ளதான் மாஸ்டர் இரிக்காளுகள். நான் என்னெண்டு மீன் தின்னுற?”

இதை நான் என் மனைவிக்கே சொல்லவில்லை, நீங்களும் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார். சொல்லமாட்டேன் என்றேன். இந்த இடத்தில் நான் தெளிவாக இருக்கவேண்டும். பிறகு பல ஆண்டுகள், எனக்கு முழுக் காரணம் தெரியாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தெரியும். அவர் வாயால் கேட்டேன். ஆறு எங்களுக்கு நாலடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் அவர் மீன்பிடிக்க வந்தார். தூண்டில் போடாவிட்டால் சனிக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். ஆற்று மீனும் உடம்புக்கு ஆகவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிட்டார், மீனுக்குக் காயம் பெரிதாகாமல் கழற்றலாம் என்று. அதுவும் ஒரு குறிப்பாக இதழில் வந்தது. பிடித்த மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையை நனைத்து விட்டுவிடுவார். என்ன பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆனி மாதம், இதழ்க்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, தமிழரின் வருடாந்த ஒன்றுகூடலுக்கு முன் இதழ் வருகிறது, இந்தமுறை நல்ல சிரிப்பாகத் தாருங்கள் சேர் என்றார். எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. மேசையில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். பிறகு ஒரு வரி வந்தது. எழுதத் தெரிந்தவனுக்கு நல்ல வரி ஒன்று வந்துவிட்டால் அதைக் கைவிடுவது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன். அறிந்தும் கைவிடவில்லை.

‘எனது உதவியாளர் அண்மையில் சைவராகிவிட்டார். ஆனால் மீன்பிடிப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்து, நீ ஆறா கடலா, விலாசம் என்ன என்று விசாரிக்கிறார். மீன் பதில் சொல்லத் தாமதித்தால் சந்தேகத்தின் பலனை மீனுக்கே கொடுத்து விடுதலை செய்கிறார். ஆகவே வாசகர்களே, இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வேண்டுமென்றால் எனது உதவியாளருடன் போகாதீர்கள்.’ இதுதான் அது. தங்கை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகையால் நான் கொடுத்த வாக்கை மீறவில்லை என்று சட்டத்தரணி மாதிரி நியாயம் வைத்திருந்தேன்.

ஒன்றுகூடல் ஒரு பூங்காவில் நடந்தது. இறைச்சி சுடும் அடுப்புகள், கயிறிழுத்தல், சிறுவர் ஓட்டம். இதழ் எல்லா மேசைகளிலும் கிடந்தது. நான் வந்து சேர்ந்தபோதே ஆட்கள் என்னைக் கண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அது இனிப்பாக இருந்தது என்பதையும் எழுதவேண்டும். அவர் மனைவியோடு சோற்றுச் சட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தார் ஒருவர் சாப்பாட்டுக் கோப்பையில் சுட்ட மீனோடு அவரிடம் போனார்.

“அண்ணை, இந்த மீனாரிட்டை விலாசம் கேட்டுப் பாருங்கோ. நான் சாப்பிடலாமோ?”

“உது பாஸ்போர்ட் இல்லாமல் வந்தது. அகதி மீன். விட்டிடுங்கோ பாவம்” என்றார் இன்னொருவர்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வாசித்தது ஒரு பகிடி, அதைத்தான் திரும்பச் சொன்னார்கள். அவர் மீன் வேண்டாம் என்பதற்கும் அந்த மார்கழிக்கும் அவர்களில் ஒருவரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கூட்டத்துக்கு மேலால் என்னைத் தேடிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பியிருப்பேன். ஏதோ ஒரு பொருளை என்னிடம் தந்து வைத்திருந்ததாகவும், அது இப்போது எங்கே என்று கேட்பது போலவும் பார்த்தார்.

அவருடைய மனைவி கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் வைத்தா. கடலா என்று ஏன் கேட்கிறார்கள் என்று அவரிடம் மெல்லக் கேட்டா. சிறிது நேரத்தில் இருவரையும் காணவில்லை.

அடுத்த சனிக்கிழமை முதுகு நோகிறது என்றார். அதற்கடுத்த கிழமையும் முதுகுதான். களஞ்சியத்தில் வேறு பகுதிக்கு மாறினார். குளிர்காலம் தொடங்குமுன் வேலையை விட்டு, மகளோடு இருக்க ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்த புரோசார்ட்டுக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் என்னிடம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் செய்தார். மாஸ்டர் என்பது ஒருதரமும் குறையவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ இடைவேளைகள், எத்தனையோ தேநீர் நேரங்கள் இருந்தன. ஒன்றுமே நடக்காதது போல் அவர் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

பத்தியை இன்னும் ஆறு மாதம் எழுதினேன். குறிப்புகள் தீர்ந்துவிட்டன. நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து எழுதினேன். வேட்டை பற்றிக்கூட எழுதிப் பார்த்தேன், ஒரு முயலைக்கூடக் குறிபார்த்திராதவன். இப்போது உங்கள் பக்கத்தில் உப்பில்லை என்று கடையில் ஒருவர் சொன்னார். நிறுத்திவிட்டேன்.

அடுத்த ஆண்டு இலை உதிரும் காலத்தில், மனைவி சொல்லிச் சொல்லி, ஒருநாள் பாலம் தாண்டிப் புரோசார்ட்டுக்குப் பஸ் எடுத்தேன். சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனதில் பாடமாக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் மெலிந்திருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தா. மேசையில் சோறு, பருப்பு, ஒரு பெரிய கிண்ணத்தில் மீன் ஆணம். எனக்காகச் சமைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் எனக்குப் போட்டுவிட்டுத் தன் கோப்பையிலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். முள்ளை எடுத்துவிட்டு, சோற்றோடு பிசைந்து, வாயில் வைத்தார். நான் என் சோற்றில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப எல்லாம் தின்னுறன் மாஸ்டர்” என்றார். “தின்னா ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறல்ல.”

மெல்லாமல் விழுங்கினார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தார். துண்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு கை கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். குளியலறைக் கதவைச் சாத்தினார். தண்ணீர்க் குழாய் நீண்ட நேரம் ஓடியது. குழாய்ச் சத்தத்துக்குள் அவர் வாந்தி எடுக்கும் சத்தமும் கேட்டது. அவர் மனைவி மேசையைப் பார்த்துக்கொண்டு, ஆட்கள் வந்தால் இப்படித்தான், தனியே இருந்தால் தொடமாட்டார் என்று சொன்னா.

அவர் முகம் கழுவித் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். பாடமாக்கியது எல்லாம் என் நாக்கில் நின்றது. நான் சொன்னது இதுதான்: “கறி நல்லாயிருக்கு ஐசே.”

பஸ் தரிப்புவரை கூட வந்தார். குளிர் தொடங்குமுன் தூண்டில் சுருளிலிருக்கும் நூலைத் தளர்த்தி வையுங்கள் மாஸ்டர், இறுக்கமாக விட்டால் வசந்தத்தில் சுருண்டு சுருண்டு வரும் என்றார். ஆற்றங்கரைக்கு எப்போது வருகிறீர் என்று கேட்டேன். பேந்து பார்ப்போம் என்று, ‘பிறகு’ என்பதற்கு யாழ்ப்பாணத்தாராகிய எங்களுடைய சொல்லைச் சொன்னார். பஸ் வந்தது. அந்தக் குளிர்காலம் முடிந்து, பனி கரைந்துகொண்டிருந்த ஒரு பங்குனிக் காலையில் நெஞ்சுவலி வந்து, வைத்தியசாலைக்குப் போகும் வழியில் அவர் இறந்துபோனார். நூலை நான் தளர்த்தித்தான் வைத்திருந்தேன்.

செத்தவீட்டில் பலர் அவரைப் பற்றி நல்லபடி பேசினார்கள். ஒருவர், மாஸ்டர் எழுதிய பத்தியால் அவரை ஊரே அறிந்தது என்று என் கையைப் பிடித்தார். நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து நான் மீன் சாப்பிடுவதில்லை. இதனால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். வாய் ஏற்கவில்லை, அவ்வளவுதான். யாராவது கேட்டால் வைத்தியர் சொன்னார் என்பேன். போன கோடையில் ஒரு கலியாண வீட்டில் மீன் கட்லட் தட்டு வந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எதிரே இருந்தவர் என் பத்தியைத் தொடர்ந்து வாசித்தவர்.

“என்ன மாஸ்டர், நீங்களும் விலாசம் கேக்கத் துவங்கியிட்டியளோ?”

மேசையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகும் என் முகம் அந்தச் சிரிப்பிலேயே நின்றது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டு அடுத்த மேசைக்குப் போனது. அந்த மனிதர் செத்துப் போனார், நான் கட்டிவிட்ட பகிடி மட்டும் உயிரோடு திரிகிறது.

மறுநாள் காலை மீண்டும் புரோசார்ட்டுக்குப் போனேன். அவருடைய மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணில் வரைந்தது, அவர் கேட்டது, நான் வாக்குக் கொடுத்தது, தெரிந்துகொண்டே எழுதியது. ஒன்றுகூடலிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் வைத்து அவர் காரணத்தைத் தனக்குச் சொல்லிவிட்டார் என்றா அவ. மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும் என்றும் சொன்னாராம். அப்படியென்றால் அன்றைக்கு எனக்குச் சோறு போட்டபோது, நான் தெரிந்துகொண்டேதான் எழுதினேன் என்பது இருவருக்கும் தெரியும்.

இதை எழுதி அந்த இதழுக்கே கொடுக்கலாமா என்று கேட்டேன். அவ எழுந்து போய்த் தேநீரை ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தா. சீனியைத் தள்ளி வைத்தா.

“எழுதுங்க மாஸ்டர். இந்தமுற ஆக்கள் சிரிக்காத மாதிரி எழுதுவீங்கதானே?”